14 ஆண்டு ஓடிய குடும்பக் காருக்கு எந்த வேலையை முதலில் செய்வது?

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு இருப்பது ஒரே கார், பெட்ரோல், மேனுவல் கியர். வாங்கி 14 ஆண்டுகள் ஆகின்றன. 1 லட்சத்து 85 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முதல் பத்து ஆண்டுகள் வேலைக்காகத் தினமும் நெடுந்தூரம் ஓட்டினேன். இப்போது பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துப் போகவும் மட்டுமே வண்டியை எடுக்கிறேன்; ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். 10,000 கிலோமீட்டர் ஆகவில்லை என்பதால் இரண்டு ஆண்டுகளாக எஞ்சின் ஆயில் மாற்றவில்லை. கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொள்கிறேன். டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்குக் குறிப்பு எதுவும் இல்லை. மெக்கானிக் நீண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வசதியில்லை. பழைய எஞ்சினுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்கிறார் ஒரு நண்பர். கியர் ஆயிலைத் தொட்டால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும் என்கிறார் இன்னொருவர். எதை முதலில் செய்வது? இந்த வண்டியை இன்னும் எத்தனை காலம் நம்பலாம்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது 1 லட்சத்து 85 ஆயிரம் கிலோமீட்டர் என்ற எண் அல்ல. நெடுஞ்சாலையில் சீராக ஓடிச் சேர்த்த தூரம் ஒரு எஞ்சினை அவ்வளவு எளிதில் தேய்த்துவிடாது. ஒழுங்காக ஆயில் மாற்றி வந்த பெட்ரோல் எஞ்சின்கள் இதைவிட அதிகத் தூரத்தை அமைதியாகக் கடந்திருக்கின்றன. கவலைக்குரியவை கடைசி நான்கு ஆண்டுகள். வண்டி குறைவாக ஓடுவதால் தேய்மானமும் குறைவு என்று நீங்கள் நம்பியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ரப்பர், டயர், பேட்டரி ஆகிய எல்லாமே ஓடினாலும் நின்றாலும் மூப்படைகின்றன. உரிமையாளர் கையேட்டில் ‘இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதங்கள், எது முதலில் வருகிறதோ அது’ என்று எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான். முதல் பத்து ஆண்டுகளில் உங்களுக்குக் கிலோமீட்டர் முதலில் வந்தது. இப்போது மாதங்கள் முதலில் வருகின்றன. இந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டு பராமரிப்பை நாட்காட்டியின் பக்கம் திருப்பினால், உங்கள் மெக்கானிக் கொடுத்த பட்டியல் தானாகவே வரிசைக்கு வந்துவிடும்.

குறுந்தூர ஓட்டம் எஞ்சினை என்ன செய்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் வண்டியின் இன்றைய நிலை இதைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உருவாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். ஒரு சிறு பகுதி, எரியாத பெட்ரோலுடன் சேர்ந்து பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயில் இருக்கும் அடிப்பகுதிக்குள் இறங்குகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி அந்தச் சூட்டிலேயே சிறிது நேரம் ஓடினால் இவை ஆவியாகிப் போய்விடும். கூலன்ட் சில நிமிடங்களிலேயே சூடாகிவிடுவதால் டேஷ்போர்டில் உள்ள வெப்பமானி நடுவில் வந்து நிற்கும். ஆனால் ஆயில் முழுச் சூட்டை அடைய அதைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். பள்ளிக்கூடம்வரை போய் அணைத்து, மறுபடி கிளப்பி வீடு திரும்பி அணைக்கும் வண்டியில் ஆயில் அந்த வெப்பநிலையை எட்டுவதே இல்லை. தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்குகின்றன. அமிலம் உண்டாகிறது, அமிலத்தை முறிப்பதற்காக ஆயிலில் சேர்க்கப்பட்டிருக்கும் வேதிப்பொருள்கள் தீர்ந்துபோகின்றன, பிறகு கசடு படியத் தொடங்குகிறது. தயாரிப்பாளர்கள் இத்தகைய ஓட்டத்தைக் ‘கடினமான பயன்பாடு’ என்ற வகையில் சேர்த்து, ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறைக்கச் சொல்வது வழக்கம். ஆகவே உங்கள் வண்டிக்கு ஆயிலும் ஆயில் ஃபில்டரும் ஆண்டுக்கு ஒரு முறை கட்டாயம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் இன்னும் நல்லது. வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். இதற்கு ஈடாக எந்த பாட்டில் மருந்தும் கிடையாது.

இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே செருகி மறுபடி உருவிப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பல கார்களில் மேல்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடையே உள்ள அளவு ஏறத்தாழ ஒரு லிட்டர் என்பதால், கீழ்க்குறியைத் தொட்டுக்கொண்டிருந்தால் கணிசமான ஆயில் குறைந்திருக்கிறது என்று பொருள். நிறம் கறுத்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆயில் அழுக்கைத் தன்னுள் இழுத்து வைத்திருக்கிறது என்பதற்கே அது அடையாளம். விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் நான் மேலே சொன்னது உங்கள் வண்டியில் நடந்துகொண்டிருக்கிறது. பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். வெளிறிய மஞ்சள் நிறத்தில் பசை போல ஏதேனும் ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் குறுந்தூர ஓட்டத்தில் படிந்த ஈரம்தான். துடைத்துவிட்டு, நீண்ட தூரம் ஒரு முறை ஓட்டியபின் திரும்பப் பாருங்கள். ஆனால் அதே பசை டிப்ஸ்டிக்கிலும் இருந்து, கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால், எஞ்சின் ஹெட்டுக்கும் சிலிண்டர் பகுதிக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதா என்று சோதித்தே ஆக வேண்டும்; அதுவரை வண்டியை ஓட்டக்கூடாது.

கெட்டியான ஆயில் பற்றி நண்பர் சொன்னதைப் பொறுத்தவரை, கையேட்டைத் தாண்டிப் போகாதீர்கள். பல கையேடுகள் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-40 என்று, கெட்டித்தன்மையைக் குறிக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட தரங்களை அனுமதிக்கின்றன. ஆயில் சற்றுக் குறைகிறது என்றால் அனுமதிக்கப்பட்டவற்றுள் கெட்டியானதைத் தேர்ந்துகொள்வதில் தவறில்லை. அந்த வரம்புக்கு வெளியே உள்ள கெட்டி ஆயில், காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் மேலே வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் வரை ஏற அதிக நேரம் எடுக்கும். எஞ்சின் தேய்மானத்தில் கணிசமான பங்கு அந்தத் தொடக்க நேரத்தில் நிகழ்கிறது. நீங்களோ ஒரே நாளில் பலமுறை எஞ்சினைக் கிளப்பி அணைப்பவர். ஆகவே அந்த அறிவுரை யாருக்குப் பொருந்தினாலும் உங்களுக்குப் பொருந்தாது.

இனி பட்டியலுக்கு வருவோம். எல்லாவற்றையும் உடனே செய்ய முடியாதபோது, ‘எது மலிவு’ என்றோ ‘எது அதிகம் சத்தம் போடுகிறது’ என்றோ வரிசைப்படுத்தக்கூடாது. ஒரு பாகம் திடீரென்று கைவிட்டால் வண்டியில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பது முதல் கேள்வி. எஞ்சினுக்கு என்ன ஆகும் என்பது இரண்டாவது. வழியில் நின்றுபோகுமா என்பது மூன்றாவது. மற்றவை எல்லாம் காத்திருக்கலாம். உங்கள் வண்டியில் பயணிப்பவர்கள் பிள்ளைகளும் முதியவர்களும். அதனால் இந்த வரிசையில் எந்தச் சமரசமும் செய்யாதீர்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் பிரேக். நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ‘பேட் இருக்கிறது’ என்பது போதாது. பிரேக் பேடில் உராயும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் அந்த அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். பேடை அழுத்தும் காலிப்பர் நகரும் ஊசிகள் இறுகிப்போவது பழைய வண்டிகளில் சாதாரணம். பின்புறம் டிரம் பிரேக் என்றால் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரத்துக்கு அருகில் உள்ள ரப்பர் பிரேக் ஹோஸ்களை வளைத்துப் பார்த்தால் வெடிப்புகள் தெரியும். 14 ஆண்டுகளாக அவை மாற்றப்படவில்லை என்றால் இம்முறை மாற்றிவிடுவதையே நான் விரும்புவேன்.

பிரேக் ஆயில் கறுத்தால்தான் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் ஆபத்தானது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ரப்பர் ஹோஸ்களின் வழியாகக்கூட ஈரம் மெல்ல உள்ளே போகிறது. ‘டாட் 4’ வகைப் புதிய பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அதற்கு வரையறுக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டு வரும்போது இந்த வித்தியாசம் வெளிப்படும்: ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டானால் மிதி அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. ஓடிய தூரம் எதுவானாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்றுங்கள். பிரேக் ஆயில் கிண்ணத்தில் அளவு மெல்லக் குறைந்து வந்தால் பேட் தேய்கிறது என்று பொருள். சட்டென்று குறைந்தால் எங்கோ கசிகிறது. இரண்டையும் ஆராயாமல் வெறுமனே ஊற்றி நிரப்பிவிடுவது, வண்டி கொடுக்கும் எச்சரிக்கையை அழிப்பதற்குச் சமம்.

டயர்களில் பட்டன் (சாலையைத் தொடும் வரிப்பள்ளங்கள்) ஆழத்தை மட்டும் பார்ப்பது பலருடைய வழக்கம். உங்களைப் போலக் குறைவாக ஓட்டுபவர்களின் டயர்கள் தேய்வதற்கு முன்பே கெட்டுப்போகின்றன. டயரின் பக்கவாட்டில் ‘டாட்’ என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டு ஆகிவிட்டால் பட்டன் புதிதுபோல இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். ஸ்டெப்னியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் அது வாங்கிய நாளில் வைத்த இடத்திலேயே இருக்கும். பட்டன் தேய்ந்திருக்கும் விதமும் செய்தி சொல்லும்: நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு, ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் பிசகியிருக்கிறது, அலையலையாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கிறது. காற்றழுத்தத்தை டயர் சூடேறுவதற்கு முன், ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து நிரப்புங்கள். டயரின் மேலேயே அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். உங்கள் வண்டிக்கான அளவு அதுவல்ல.

சக்கரத்தைத் தூக்கியிருக்கும்போதே ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் இணைப்புகளையும் பார்த்துவிடலாம். சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் அசைவு இருந்தால் டை ராடு முனை. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைவு இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். அருகில் நின்று இதைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணால் பார்க்கக்கூடிய சோதனை இது. சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறையான பூட் கிழிந்திருந்தால் தாமதிக்காதீர்கள். கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போவதற்குள் பூட்டை மட்டும் மாற்றினால் சிறு செலவு. முழுவதும் திருப்பும்போது கடகடவென்று சத்தம் வரத் தொடங்கிய பிறகு இணைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். சஸ்பென்ஷனின் கீழ்க் கையில் (லோயர் ஆர்ம்) உள்ள ரப்பர் புஷ்கள் வெடித்திருப்பதும் குலுங்கல் சத்தமும் தொல்லைதான் என்றாலும், பால் ஜாயின்ட் உறுதியாக இருக்கும்வரை அவை சில மாதங்கள் பொறுக்கும்.

அடுத்தது டைமிங் பெல்ட். குறிப்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குறிப்பு இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். முதலில் உங்கள் எஞ்சினில் இருப்பது பெல்ட்டா செயினா என்பதைக் கையேட்டிலோ எஞ்சின் எண்ணைக் கொண்டோ உறுதிசெய்துகொள்ளுங்கள். செயின் என்றால் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் முதல் சில நொடிகள் சலசலப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் உரிய நேரத்தில் ஆயில் மாற்றுவதே அதற்கான பராமரிப்பு. பெல்ட் என்றால், ஆயில், பிரேக், டயர் வேலைகளுக்கு அடுத்த பெரிய செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

காரணம் இதுதான். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே வரும் கணத்தில் வால்வு விலகியிருக்க வேண்டும் என்ற ஒழுங்கைக் காப்பது அந்த ரப்பர் பெல்ட்தான். பல எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் வெவ்வேறு நேரத்தில் ஒரே இடத்தைப் பயன்படுத்துகின்றன. பெல்ட் அறுந்த மறுகணம் இரண்டும் மோதி வால்வுகள் வளைந்துவிடும், சில சமயம் பிஸ்டனும் உடையும். பெல்ட் அறுவதற்கு முன் எந்தச் சத்தமும் எச்சரிக்கையும் கொடுக்காமல் போகலாம். பல தயாரிப்பாளர்கள் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் அல்லது ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறார்கள். சில எஞ்சின்களுக்கு இதைவிட நீண்ட இடைவெளியும் உண்டு, உங்கள் கையேடு சொல்வதே முடிவு. பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் உருளைகளையும், அந்தப் பெல்ட்டாலேயே வாட்டர் பம்ப் சுழல்கிறது என்றால் அதையும், சேர்த்து மாற்றுங்கள். இந்த வேலையில் கூலியே பெரும்பகுதி. ஆறு மாதம் கழித்து வாட்டர் பம்ப் கசிந்தால் அத்தனையையும் மறுபடி கழற்ற வேண்டும், கூலன்ட் பட்ட புதிய பெல்ட்டும் வீணாகும். அந்த இடத்தில் உள்ள கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்ட் ஆயில் சீல்களில் ஈரம் தெரிந்தால் அவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இந்த வேலை முடியும்வரை நெடும்பயணம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வாட்டர் பம்ப் கழற்றப்படும்போது கூலன்ட் எப்படியும் வெளியேறும். குழாய்த் தண்ணீர் ஊற்றிப் பழகியதைச் சரிசெய்ய அதுவே தருணம். கூலன்ட் என்பது நிறம் சேர்த்த தண்ணீர் அல்ல. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் உறைநிலையைக் கீழிறக்குவதோடு கொதிநிலையையும் உயர்த்துகிறது. அதோடு சேர்க்கப்பட்டிருக்கும் துருத்தடுப்பான்கள் அலுமினிய ஹெட்டையும் ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் காக்கின்றன. நீங்கள் ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் இந்தக் காப்பு நீர்த்துப்போகிறது, தண்ணீரிலுள்ள உப்பு ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களில் படிகிறது. பழைய திரவத்தை முழுவதும் இறக்கி, தெளிந்த நீர் வரும்வரை அலசி, கையேடு சொல்லும் வகைக் கூலன்டை வாலை வடிநீருடன் (டிஸ்டில்டு வாட்டர்) பாதிக்குப் பாதி கலந்து நிரப்பச் சொல்லுங்கள். நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிக்கக்கூடாது. ஒரே நிறத்தில் வெவ்வேறு வேதியியல் கொண்ட கூலன்ட்கள் விற்பனையில் இருக்கின்றன, பொருந்தாத இரண்டைக் கலந்தால் துருத்தடுப்பான்கள் வேலை செய்யாமல் போகலாம். சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டர் மூடியையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அதன் ரப்பர் வளையம் காய்ந்துபோனால் காரணமே தெரியாமல் வண்டி சூடேறும்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: கூலன்ட் ஏன் குறைந்துகொண்டே வந்தது? மூடிய அமைப்பில் அது குறையவே கூடாது. எஞ்சின் முற்றிலும் ஆறியபின் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள். கிளாம்ப் அருகே உப்பியிருந்தாலோ, அழுத்தும்போது நறநறவென்று வெடிப்பு உணர்ந்தாலோ மாற்ற வேண்டும். வெளியே கசிவே தெரியாவிட்டால் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்காதீர்கள். கீழே சிந்திய கூலன்டை உடனே கழுவிவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு, குழந்தைகளும் வீட்டு விலங்குகளும் உள்ள இடத்தில் மீதக் குப்பியைப் பூட்டி வையுங்கள்.

கியர் ஆயிலைத் தொடக்கூடாது என்ற பேச்சுக்கு ஒரு மூலம் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கிளட்ச் தகடுகள் அதன் திரவத்துக்குள்ளேயே இயங்குகின்றன. தகடுகள் ஏற்கெனவே தேய்ந்து வழுக்கத் தொடங்கிய வண்டியில் ஆயில் மாற்றியபின் கோளாறு முற்றி, பழி புது ஆயிலின் மேல் விழுவதுண்டு. உங்களுடையது மேனுவல். அதன் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு வெளியே, உலர்ந்த நிலையில் இருக்கிறது. கியர் ஆயிலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. புது ஆயில் பற்களையும் பேரிங்குகளையும் காக்கும், குளிர்ந்த நேரத்தில் இரண்டாவது கியர் விழுவதும் எளிதாகலாம். கையேடு ‘ஜிஎல்-4’ என்ற கியர் ஆயில் தரத்தைச் சொன்னால் அதையே ஊற்றுங்கள். ‘ஜிஎல்-5’ உயர்ந்தது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், அதன் சேர்மானங்கள் சில கியர்பாக்ஸ்களின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். மாற்றுவதற்கு முன், நிரப்பும் துளையின் மூடி கழல்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டியில் அது இறுகியிருந்தால், ஆயிலை வடித்துவிட்டு நிரப்ப முடியாமல் தவிக்க நேரும்.

வழியில் நிறுத்திவிடக்கூடியவற்றில் பேட்டரிக்கு முதலிடம். குறுந்தூர ஓட்டத்தில் கிளப்ப எடுத்த மின்சாரம் முழுவதும் திரும்ப ஏறாமல் போகலாம். ஓர் இரவு நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.4 என்றால் குறைவு; 12-க்கு அருகில் என்றால் ஏறக்குறையக் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கிறது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளைக் கடந்த பேட்டரிக்குச் சுமைச் சோதனை செய்துகொள்ளுங்கள். முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் படிவத்தைச் சுத்தம் செய்தாலே சில வண்டிகள் சட்டெனக் கிளம்பிவிடும். ஃபேன் பெல்ட்டின் உட்புறத்தில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்.

ஸ்பார்க் பிளக் சாதாரண நிக்கல் வகை என்றால் 30,000 முதல் 40,000 கிலோமீட்டர், இரிடியம் என்றால் ஏறத்தாழ 1,00,000 வரை தாங்கும். எஞ்சின் விளக்கு சீராக எரிந்தால் சோதனைக்குக் கொண்டுபோகலாம்; விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள், ஓரமாக நிறுத்துங்கள். ஏர் ஃபில்டரும் கேபின் ஃபில்டரும் நீங்களே மாற்றக்கூடியவை.

பட்டியலில் ‘ஆயில் கசிவு’ என்று பொதுவாக எழுதியிருந்தால், எஞ்சினைத் துடைத்துச் சுத்தம் செய்து ஒரு வாரம் ஓட்டியபின் கசிவு எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மேலே வால்வ் கவர் கேஸ்கெட்டில் கசிந்த ஆயில் வழிந்து கீழே தெரிவது அடிக்கடி நடப்பது. கீழே உள்ள சீலுக்காகக் கியர்பாக்ஸையே இறக்கும் முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எஞ்சினுக்குள் உருவாகும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் கூடி நல்ல சீல்கள்கூடக் கசியும். குறுந்தூரம் ஓடிக் கசடு சேர்ந்த எஞ்சினில் இதை நான் முதலில் சந்தேகிப்பேன். விலையோ மிகக் குறைவு. கசடை ஒரே நாளில் கரைக்கும் ஃப்ளஷ் திரவங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கழன்ற கசடு ஆயில் உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கே ஆயில் கிடைக்காது. நல்ல ஆயிலைக் குறைந்த இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றினால் கசடு மெதுவாகவும் பத்திரமாகவும் குறையும்.

மெக்கானிக்கிடம் போகும்போது ஒரு குறிப்பேட்டுடன் போங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, போட்ட பாகத்தின் எண், ஊற்றிய ஆயிலின் தரம் ஆகியவற்றை அன்றே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் லிட்டரையும் கிலோமீட்டரையும் குறித்துவந்தால், பிரேக் இறுகுவதும் தெர்மோஸ்டாட் திறந்தே நின்றுவிடுவதும் உங்களுக்கு மைலேஜ் குறைவாகத் தெரிந்துவிடும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது அவரைச் சந்தேகிப்பது ஆகாது. நல்ல மெக்கானிக் அவற்றை அவராகவே எடுத்துக் காட்டுவார்.

இன்னும் எத்தனை காலம் நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். டைமிங் பெல்ட் வேலைக்குப் பணம் போடும் முன் இரண்டு சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். எல்லா சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். கையேடு குறிப்பிடும் குறைந்தபட்ச அளவுக்கு மேலாகவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் இருந்தால் எஞ்சினின் அடிப்படை நன்றாக இருக்கிறது. பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஜாக் வைக்கும் இடங்களையும் கதவுகளுக்குக் கீழே உள்ள விளிம்புகளையும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களையும் திருப்புளியின் முனையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மேலோட்டமான துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம். கதவுகளின் அடியிலுள்ள நீர்வடி துளைகள் அடைத்திருந்தால் குத்தித் திறந்துவிடலாம். ஆனால் சஸ்பென்ஷனைத் தாங்கும் இடத்தில் தகடு உள்வாங்கினால் அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றக்கூடாது, அதற்குமேல் செலவழிப்பதும் வீண். இரண்டு சோதனைகளிலும் தேறிவிட்டால், இந்த மாதம் ஆயிலும் பிரேக்கும் டயரும், அடுத்த மாதம் டைமிங் பெல்ட்டும் கூலன்டும், அதற்குப் பிறகு கியர் ஆயிலும் சஸ்பென்ஷன் புஷ்களும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் இந்த வண்டி இன்னும் ஐந்து ஆண்டுகள் உங்களுக்கு உழைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமானதே. கம்ப்ரஷன் அளவுகளையும் ஜாக் இடங்களின் நிலையையும் எழுதி அனுப்பினால் மேற்கொண்டு சொல்கிறேன்.